"படம் சரியா வரலையே!" – கேமரா கேள்வி பதில்: ட்வெல்வ் அபாஸ்டல்ஸ் ஸ்பெஷல்

ஆஸ்திரேலியாவில் பள்ளி விடுமுறை முடிந்தால் போதும், நம் அஞ்சல் பெட்டி நிறைந்துவிடுகிறது. மெல்பர்ன் தமிழர்கள் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அழைத்துப் போவது கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைக்குத்தான். அதன் உச்சக்கட்டமாகக் கடலில் நிற்கும் ட்வெல்வ் அபாஸ்டல்ஸ் (பன்னிரு அப்போஸ்தலர்) கல்தூண்களை எடுத்த படத்தையும் நமக்கு அனுப்பி, "ஏன் இப்படி?" என்று கேட்கிறார்கள். இந்த முறை வேறு எதையும் சேர்க்காமல் அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருந்தார்கள். ஜனவரியில் ஒருநாள் பஸ் டூர் போனோம். மதியம் ஒரு மணிக்கு இறக்கிவிட்டு முக்கால் மணி நேரத்தில் திரும்பி வரச் சொன்னார்கள். படங்களில் தூண்கள் வெளிறிப்போய் இருக்கின்றன, எல்லோர் கண்ணுக்குக் கீழேயும் கறுப்பு. புது கேமரா வேறு. என்ன தப்பு? – டாண்டினாங் வாசகி

கேமராவைத் திட்டாதீர்கள், தப்பு கடிகாரத்தில்தான். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் டேலைட் சேவிங் நடக்கும் ஜனவரியில் அந்தக் கடற்கரைக்குச் சூரியன் உச்சிக்கு வருவதே ஒன்றரை மணி வாக்கில். அதாவது ஒரு நாளில் அந்தப் பாறைகளைப் படமெடுக்கவே கூடாத நேரம் எதுவோ, அதைப் பார்த்துத்தான் உங்களை இறக்கிவிட்டிருக்கிறார்கள்.

அந்தத் தூண்கள் சுண்ணாம்புக்கல். கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய கல் என்பதால் கிட்டத்தில் பார்த்தால் உடம்பு முழுக்கக் கிடைக்கோடுகள் ஓடும். ஒரு அடுக்கு மஞ்சள், அடுத்தது பழுப்பு, நடுவில் சற்றே உள்வாங்கிய மென்மையான ஒரு பட்டை. சூரியன் தாழ்வாக, பக்கவாட்டில் இருந்தால் ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் மெல்லிய நிழல் விழுந்து தூண் உருண்டு திரண்டு தெரியும். தலைக்கு மேல் இருந்தால் எல்லா நிழலும் ஒளிந்துகொள்ளும், தூண் தட்டையாகிவிடும். மனித முகத்தில் நடப்பதும் இதேதான், ஆனால் தலைகீழாக. புருவத்தின் நிழல் கண்குழியில் விழுந்து உங்கள் மாமியார் ஒரு வாரமாகத் தூங்காதவர் போலத் தெரிவார்.

சரி, அந்த நேரத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒன்று, தூண்களை விட்டுவிட்டுக் கடலை எடுங்கள். உச்சி வெயிலுக்கு இருக்கும் ஒரே நன்மை, தண்ணீரின் அந்தப் பச்சை கலந்த நீலம் அப்போதுதான் பளிச்சென்று வரும். போலரைசர் ஃபில்டர் இருந்தால் தண்ணீர் மேல் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் குறைந்து நிறம் இன்னும் ஆழமாகும். இரண்டு, ஆட்களுக்கு அகலமான தொப்பி போடுங்கள். தொப்பி நிழலில் முகம் முழுக்க ஒரே சீராக இருக்கும், அதன்மேல் கேமரா ஃபிளாஷை லேசாகப் போட்டால் கண்கள் திறந்துவிடும். வெயிலில் ஃபிளாஷா என்று கேட்காதீர்கள், ஃபிளாஷின் உண்மையான வேலையே அதுதான்.

அடுத்த முறை பஸ்ஸை விட்டுவிடுங்கள். காரில் போகிறவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள். காலையில் கிளம்பி டார்க்கி, லோர்ன், அப்பல்லோ பே என்று கடலோரமாகவே ஊர்ந்து, ஒவ்வொரு வளைவிலும் இறங்கி ஏறி, பிள்ளைகள் வாந்தியெடுத்து, பிற்பகல் களைப்பில் தூண்களுக்கு வந்து சேர்ந்து, இருட்டுவதற்குள் வீடு போக வேண்டுமென்று பதறுகிறார்கள். ஜீலாங், கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் போனால் ஏறத்தாழ மூன்று மணி நேரம்தான். போர்ட் கேம்ப்பெல்லில் ஒரு இரவு அறை எடுங்கள். தூண்கள் அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஒரு மாலையும் ஒரு காலையும் கையில் கிடைக்கும். கடலோரச் சாலையைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம்.

பெயர் பன்னிரண்டு. எவ்வளவு எண்ணினாலும் எட்டுக்கு மேல் வரவில்லை. மீதி எங்கே? – கோயம்புத்தூர் வாசகர்

எப்போதுமே பன்னிரண்டு இருந்ததில்லை, சுற்றுலாவுக்காக வைத்த பெயர் அது. பார்வையாளர் மேடையில் நின்று எண்ணினால் இப்போது ஏழெட்டுத்தான் தேறும். முன்பு இருந்தவற்றில் ஒன்று 2005 ஜூலை 3ஆம் தேதி காலை சில நொடிகளில் சரிந்து கற்குவியலாகிவிட்டது. ஐம்பது மீட்டர் உயரம் இருந்த தூண்.

கொஞ்சம் மேற்கே போனால் லண்டன் பிரிட்ஜ் என்று இரட்டை வளைவுப் பாறை ஒன்று இருந்தது. 1990 ஜனவரி 15 அன்று கரையோடு ஒட்டியிருந்த வளைவு விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் நடந்து போயிருந்த இரண்டு பேரை ஹெலிகாப்டர் வந்துதான் மீட்டது. இப்போது அதை லண்டன் ஆர்ச் என்கிறார்கள். லாக் ஆர்ட் பள்ளத்தாக்கு அருகே இருந்த தீவு வளைவும் 2009 ஜூனில் விழுந்தது. மிஞ்சிய இரண்டு தூண்களுக்கும் டாம், ஈவா என்று பெயர் வைத்தார்கள். 1878 ஜூன் 1 அன்று அங்கே உடைந்த லாக் ஆர்ட் கப்பலில் இருந்த 54 பேரில் பிழைத்தவர்கள் டாம் பியர்ஸ், ஈவா கார்மைக்கேல் என்ற அந்த இருவர் மட்டும்தான்.

படமெடுப்பவருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் 2005க்கு முந்தைய படம் இருந்தால் அதே மேடையில் அதே கோணத்தில் இப்போது ஒன்று எடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல படம் அந்த இடத்தில் கிடைக்காது.

சூரிய உதயமா, அஸ்தமனமா? எந்த மாதம்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – சிட்னி வாசகர்

ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், அவரவர் போன மாதம் வேறு. திசையைப் புரிந்துகொண்டால் யாரையும் கேட்க வேண்டாம்.

முதலில், அங்கே சூரியன் வடக்குப் பக்கமாக நடக்கும். தமிழ்நாட்டில் தலைக்கு மேலாகவே போகிற சூரியனைப் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் குழப்பும். கடல் இருப்பது தெற்கே. ஆகவே நடுப்பகலில் கடலைப் பார்த்து நின்றால் வெயில் முதுகில் விழும். அடுத்து, மேடையில் கடலைப் பார்த்து நின்றுகொள்ளுங்கள். வலப்பக்கம், அதாவது வடமேற்காகப் பார்த்தால் வரிசையாகத் தூண்கள், போஸ்ட்கார்டில் வரும் காட்சி. இடப்பக்கம், தென்கிழக்காகப் பார்த்தால் கிப்சன் ஸ்டெப்ஸ் என்ற கடற்கரைப் படிக்கட்டின் பக்கம் தனியாக இரண்டு தூண்கள். பெரும்பாலானவர்கள் இடப்பக்கம் திரும்பியே பார்ப்பதில்லை.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளிக் கடலுக்குள் இறங்கும். வலப்பக்க வரிசைக்கு அது பக்கவாட்டு வெளிச்சம். தூண்களின் கடல் பக்கம் பொன்னாகி, நிலத்தின் பக்கம் நிழலாகி, நான் மேலே சொன்ன அடுக்குகள் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். மறைவதற்கு எட்டே முக்கால் ஆகிவிடும் என்பதால் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டே போகலாம்.

ஜூன், ஜூலையில் கதை வேறு. சூரியன் வடமேற்கே, தூண் வரிசைக்குப் பின்னால், கரையின் மேல் மறையும், அதுவும் ஐந்தே கால் வாக்கில். தூண்கள் கறுத்த நிழலுருவமாக வரும், பின்னால் ஆரஞ்சு வானம். இது பிடித்தவர்கள் இருக்கிறார்கள், எனக்குப் பிடிக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாறையின் நிறத்தையும் தோலையும் முழுக்க இழந்துவிட்டு வெறும் வெட்டுருவம் எடுக்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு.

உதயம் என்றால் கோடைதான். சூரியன் தென்கிழக்கே எழும். இடப்பக்கத் தூண்கள் இரண்டும் வெளிச்சத்துக்கு எதிரே நிற்கும், அப்படியே திரும்பினால் வலப்பக்க வரிசை முழுக்க முகத்தில் வெயில் வாங்கி நிற்கும். ஒரே இடத்தில் நின்றபடி இரண்டு வகைப் படம். குளிர்காலத்தில் சூரியன் நிலத்தின் பக்கமிருந்து எழுவதால் கரைப் பாறையின் நிழல் தூண்களின் கால்களில் விழுந்து வெகுநேரம் அகலாது.

மாதம் ஒன்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசி முதல் மார்ச் வரை. விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், வெளிச்சத்தின் கோணம் இன்னும் கெடவில்லை, அஸ்தமனத்துக்காக இரவு ஒன்பது மணி வரை காத்திருக்கவும் வேண்டாம்.

வானம் சுத்தமாக நீலமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அந்தக் கடலுக்குத் தென்மேற்கிலிருந்துதான் மேகக் கூட்டங்கள் வரும். ஒரு மழை கடந்துபோய், தொடுவானத்தில் மட்டும் ஒரு இடைவெளி திறந்திருந்தால் அந்த இடுக்கு வழியாக வரும் கடைசி வெயில் மேகத்தின் அடிவயிற்றைச் சிவப்பாக்கும். வானிலைத் துறையின் ரேடார் படத்தைக் கைபேசியில் பார்த்து, மழை எப்போது தாண்டும் என்று கணக்கிட்டுப் போகிறவர்கள்தான் இந்தப் படங்களை எடுக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்று. சூரியன் மறைந்ததும் கைதட்டாத குறையாகக் கூட்டம் கலைந்து கார் நிறுத்தத்துக்கு ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். அடுத்த இருபது, இருபத்தைந்து நிமிடங்களில் வானத்தின் எதிர்ப்புறம் இளஞ்சிவப்பாகி அந்த மென்வெளிச்சம் பாறை முழுக்கப் பரவும், நிழல் எங்கும் கடுமையாக இருக்காது. நன்றாக இருட்டும்போது கீழே கடற்கரையில் சிறிய வகைப் பென்குவின்கள் கூட்டமாகக் கரையேறுவதை மேடையிலிருந்தே பார்க்கலாம். ஒரு பைனாகுலர் இருந்தால் நல்லது. தயவுசெய்து ஃபிளாஷ் வேண்டாம், டார்ச்சும் வேண்டாம். அவ்வளவு தூரத்துக்கு ஃபிளாஷ் எட்டவும் எட்டாது.

தம்பி, எனக்கு வயது 68. மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். என்னிடம் இருப்பது கைபேசி மட்டும். நேரில் மலைபோல் நின்ற பாறை படத்தில் தீப்பெட்டி போலத் தெரிகிறது. கைபேசியில் எடுத்தால் இவ்வளவுதானா? – கும்பகோணத்திலிருந்து மெல்பர்ன் வந்திருக்கும் வாசகர்

இல்லை ஐயா, கைபேசி போதும். 0.5 என்று ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை மறந்துவிடுங்கள். "எல்லாம் வரட்டும்" என்று நாம் அதை அழுத்துவோம், எல்லாம் வரும், ஆனால் எல்லாமே சின்னதாகிவிடும். உங்கள் கைபேசியில் 2 அல்லது 3 என்ற லென்ஸ் இருந்தால் அதை அழுத்தி, இரண்டே இரண்டு தூண்களையும் அவற்றின் காலில் உடையும் ஒரு அலையையும் மட்டும் சட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டாம், அதில் படம் பொரிந்துபோகும்.

அளவு தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் தெரிந்த ஒன்று இருக்க வேண்டும். மேடையிலிருந்து பார்க்கும்போது அப்படி ஒன்றும் இல்லாததால்தான் மலை சிறுத்துவிடுகிறது. முழங்கால் ஒத்துழைத்தால் கிப்சன் ஸ்டெப்ஸுக்குப் போங்கள். பாறையில் வெட்டிய 86 படிகள், இறங்கினால் நேராகக் கடற்கரை. மணலில் நடக்கும் ஆளையும் பின்னால் நிற்கும் தூணையும் ஒரே படத்தில், கைபேசியை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். ஆள் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தால் போதும், தூணின் உயரம் தானாகப் புரிந்துவிடும். ஆள் நடுவில் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, அது வேறு வகைப் படம். பாறை சரியும் அபாயமோ கடல் கொந்தளிப்போ இருந்தால் படிகளை மூடிவிடுவார்கள், பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கடல்மட்டம் ஏறும் நேரமும் பார்த்துக்கொள்ளுங்கள், பெரிய அலை வந்தால் அங்கே மணலே இருக்காது.

எடுக்கும்போது திரையில் தூணின் மேல் விரலை வைத்து அழுத்தினால் ஒரு சூரியக் குறி வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். படம் கொஞ்சம் இருண்டு வானத்தின் நிறம் திரும்பி வந்துவிடும். கடல் கோடு சாய்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். அனுப்பியிருந்த படத்தில் தென்பெருங்கடலே வலப்பக்கமாகக் கொட்டிவிடும் போலிருந்தது.

ட்ரோன் விடலாமா? – ஜீலாங் வாசகர்

கூடாது. அது போர்ட் கேம்ப்பெல் தேசியப் பூங்கா, விக்டோரியாவின் தேசியப் பூங்காக்களில் அனுமதி இல்லாமல் ட்ரோன் பறக்கவிட முடியாது. "சின்ன ட்ரோன்தானே" என்பதும் செல்லாது. சுற்றுலா ஹெலிகாப்டர்கள் அந்தத் தூண்களுக்கு மேல் நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். மேலிருந்து எடுக்க ஆசை என்றால் காசு கொடுத்து அதில் ஏறுங்கள், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, லென்ஸைக் கண்ணாடிக்கு ஒட்டினாற்போல் (தொடாமல்) பிடித்து எடுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் தெரியும்.

பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் வாங்கினேன். அலை பட்டுப்போல வரும் என்றார்கள். எனக்குக் கடல் முழுக்க வெறும் வெள்ளைப் புகையாக வருகிறது. சில படங்கள் லேசாக ஆடியும் இருக்கின்றன. ட்ரைபாட் நல்லதுதான். – அடிலெய்ட் வாசகர்

உங்கள் கேள்விதான் இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. என்டி ஃபில்டர் என்பது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும். ஃபில்டர் இல்லாமல் 1/60 நொடி காட்டும் வெளிச்சத்தில் பத்து ஸ்டாப் போட்டால் ஷட்டர் ஏறத்தாழ 17 நொடி திறந்திருக்கும். ஆறு ஸ்டாப் என்றால் ஒரு நொடி. இப்போது கடலைப் பாருங்கள். தென்பெருங்கடலில் எங்கோ புயலில் பிறந்து வெகுதூரம் நடந்து வரும் அலைகள் அவை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து முதல் பதினைந்து நொடி இருப்பது சாதாரணம். 17 நொடி திறந்து வைத்தால் ஒரு முழு அலை வந்து, உடைந்து, பின்வாங்கி, அடுத்ததும் வந்துவிடும். எல்லா நுரையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் புகைதான் மிஞ்சும். காற்றே இல்லாத, அலை சோம்பலான நாளில் அந்தப் புகை அழகாக இருக்கலாம். ஆனால் கப்பல்களை உடைத்த கடல் அது, அதைப் பால்கோவா ஆக்கிவிட்டு என்ன பயன் என்பது என் கட்சி.

அலை பின்வாங்கும்போது மணலில் வெள்ளைக் கோடுகள் இழுபடும் பாருங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டியது. கடற்கரையில் கிட்டத்தில் நின்றால் கால் நொடி முதல் ஒரு நொடி வரை போதும். உயரமான மேடையிலிருந்து என்றால் தண்ணீர் தூரத்தில் இருப்பதால் அதே அசைவு சட்டத்துக்குள் சின்னதாகவே தெரியும், இரண்டு முதல் நான்கு நொடி வரை போகலாம். ஷட்டரை அழுத்தும் தருணமும் முக்கியம். அலை உடையும்போது அழுத்தாதீர்கள், உடைந்து முடிந்து திரும்ப ஆரம்பிக்கும் அந்தக் கணத்தில் அழுத்துங்கள். பத்து ஸ்டாப்பைப் பையில் வைத்துவிட்டு ஆறு ஸ்டாப் அல்லது மூன்று ஸ்டாப் பாருங்கள். சூரியன் மறைந்த பிறகு எதுவுமே வேண்டாம், வெளிச்சமே அந்த வேகத்துக்கு இறங்கிவிடும்.

படம் ஆடியதற்கு ட்ரைபாடைக் குறை சொல்ல முடியாது. நீங்கள் நிற்பது எதன் மேல் என்று பாருங்கள். நடைபாதையும் மேடையும் பல இடங்களில் தூக்கி நிறுத்திய தளம். பின்னால் ஒரு பிள்ளை ஓடினால் அந்த அதிர்வு ட்ரைபாடின் கால் வழியாக ஏறி நேராக லென்ஸுக்குப் போய்விடும். உள்ளங்காலில் நமக்கே தெரியும். காலடி நின்ற பிறகு அழுத்துங்கள், கூட்டமாக இருந்தால் நாலைந்து எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். காற்றுக்கு எடை கட்டுகிறேன் என்று பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் பையே ஊசலாடி ட்ரைபாடை ஆட்டும், பையின் அடி தரையைத் தொடும்படி தொங்கவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அனுப்பிய நான்காவது படத்தில் அது இருக்கிறது. சூரியனைச் சுற்றி பால் படர்ந்தாற்போல் தெரிவது மூடுபனி இல்லை, ஃபில்டரில் படிந்த உப்பு. அந்தக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளி எப்போதும் மிதக்கும். பத்து நிமிடத்தில் கண்ணாடி மேல் மெல்லிய படலம் ஏறிவிடும், வெளிச்சம் நமக்குப் பின்னாலிருந்து வரும்போது தெரியாது, எதிரே வந்ததும் படம் முழுக்க வெளுக்கும். உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் பொடி கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, கடைசியாக உலர்ந்த துணி. அறைக்குத் திரும்பியதும் ட்ரைபாட் கால்களை நீட்டி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். கடற்கரை மணலில் இறங்கியிருந்தால் அன்றே.

என் கணவர் வேலியைத் தாண்டிப் போய் நின்று எடுத்தால்தான் படம் நன்றாக வருகிறது என்கிறார். நிறைய பேர் போகிறார்கள் என்பதும் உண்மை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – மெல்பர்ன் வாசகி

இந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.

ஐயா, நீங்கள் நிற்கும் விளிம்பு எதன் மேல் நிற்கிறது என்று உங்களுக்கு அங்கிருந்து தெரியாது. அலை பாறையின் அடியைத்தான் குடைகிறது. மேலே புல் முளைத்த தரை கெட்டியாக இருக்கும், கீழே குடைந்து வெற்றிடமாக இருக்கும். 2005இல் விழுந்த தூணும் 1990இல் விழுந்த வளைவும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விழவில்லை. வேலிக்கு அப்பால் நின்றவர்கள் எடுத்த படங்களையும் பார்த்திருக்கிறேன், இரண்டடி முன்னால் போனதில் கோணம் ஒன்றும் மாறவில்லை, மாறியது எடுத்தவரின் இதயத் துடிப்பு மட்டும்தான்.

தவறி விழுந்தால் நம் உயிர் மட்டும் போவதில்லை. 2019 ஈஸ்டர் ஞாயிறு அன்று, அங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லக்கூடிய ஷெர்புரூக் ஆற்று முகத்தில் தண்ணீர் இழுத்துப்போன ஒரு சுற்றுலாப் பயணியை மீட்கப் படகில் போனார்கள் போர்ட் கேம்ப்பெல் உயிர்காப்புத் தொண்டர்கள். படகு கவிழ்ந்தது. பயணி பிழைத்தார். தந்தையும் மகனுமான இரண்டு தொண்டர்கள் இறந்துபோனார்கள்.

வேறு கோணம்தான் வேண்டுமென்றால் லாக் ஆர்ட் பள்ளத்தாக்குக்குப் போங்கள், காரில் சில நிமிடம். இரண்டு பக்கமும் உயர்ந்த பாறை, நடுவில் குறுகிய வாய் வழியாக உள்ளே வரும் கடல், இறங்கப் படிக்கட்டு. காற்றும் அவ்வளவாக உள்ளே வராது.

நட்சத்திரங்களோடு சேர்த்து எடுக்க முடியுமா? 2024 மே மாதம் பலர் தென்துருவ ஒளி எடுத்துப் போட்டார்களே, அதுவும் கிடைக்குமா? – பல்லாரட் வாசகர்

நட்சத்திரம் கிடைக்கும். துருவ ஒளி கிடைத்தால் அதிர்ஷ்டம். 2024 மே 10, 11 இரவுகளில் வந்தது மிகப் பெரிய சூரியப் புயல், அதை வழக்கம் என்று நினைத்து வாராவாரம் போய் நிற்காதீர்கள். ஆனால் இடம் பொருத்தமானது என்பதில் சந்தேகமில்லை. தெற்கே பார்த்தால் அண்டார்க்டிகா வரை ஒரு தெருவிளக்குக்கூட இல்லை.

நட்சத்திரத்துக்கு நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். செப்டம்பர், அக்டோபர் மாலைகள் வசதி. பால்வெளியின் அடர்ந்த நடுப்பகுதி மேற்கே கடல் பக்கமாகச் சாய்ந்துகொண்டிருக்கும், நடு இரவு வரை விழிக்க வேண்டியதில்லை. அகலமான லென்ஸ், லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 15 முதல் 20 நொடி என்று ஆரம்பித்து அங்கிருந்து கூட்டிக் குறையுங்கள். ஃபோகஸைக் கையால் வையுங்கள், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் பெரிதாக்கிப் புள்ளியாகும் வரை திருப்புங்கள். நட்சத்திரச் சுழல் எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு, அங்கே துருவ நட்சத்திரம் தெரியாது. தென்சிலுவை விண்மீன் கூட்டத்தை வைத்துத் தென்துருவப் புள்ளியைக் கண்டுபிடித்தால் வானம் அதைச் சுற்றித்தான் சுழலும், கடலுக்கு மேலே கிட்டத்தட்ட 38 பாகை உயரத்தில்.

தூண்கள் கருப்பாகத்தான் வரும். டார்ச் அடித்து வெளிச்சம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பென்குவினுக்கும் தொல்லை, பக்கத்தில் எடுப்பவருக்கும் தொல்லை. அந்தி வெளிச்சத்திலேயே போய், ட்ரைபாடை நகர்த்தாமல் தூண்களை ஒரு படம் எடுத்துவைத்துவிட்டு, இருட்டியதும் வானத்தை எடுத்து இரண்டையும் வீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையில் மாட்டும் விளக்கு சிவப்பாக இருக்கட்டும்.

குளிருக்கு உடுப்பு கூடுதலாக வையுங்கள், பேட்டரி ஒன்று உள்சட்டைப் பையில் சூடாக இருக்கட்டும். போர்ட் கேம்ப்பெல் சின்ன ஊர், நீங்கள் முடித்துத் திரும்பும்போது சாப்பாட்டுக் கடைகள் அடைத்திருக்கும், ஒரு டப்பாவில் புளிசாதமும் ஃபிளாஸ்கில் டீயும் காரிலேயே இருந்தால் நல்லது. பெட்ரோலைப் பகலிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். திரும்பும் சாலையில் இரவில் கங்காரு குறுக்கே வரும், அறுபதுக்கு மேல் போகாதீர்கள்.